கணினியில் ஓடும் ஈரோட்டுச் சிவப்பு

ஒரு நாள் இரவு என் கணினியில் ஓடிய எல்லா ரயில்களுக்கும் ஒரே எஞ்சின். நான் ஓட்டக் காத்திருந்த விரைவு வண்டியின் நெற்றியில் ஓர் ஐந்திலக்க எண். எதிரே வந்து கடந்துபோன வண்டியிலும் அதே எண். யார்டின் ஓரத்தில் பெட்டி ஏதும் இல்லாமல் நின்ற லோகோவைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அதிலும் அதே எண்தான்.

ரயில்வேயில் ஓர் எண்ணுக்கு ஒரு லோகோதான் உண்டு. குழப்பத்துக்குக் காரணம் நான். இறக்கிவைத்திருந்த ஒரு ரீபெயின்ட்டை, விளையாட்டில் ஏற்கெனவே இருந்த எஞ்சினின் ஃபோல்டருக்குள் அப்படியே கொட்டியிருந்தேன். இதே பெயரில் கோப்புகள் இருக்கின்றனவே, மாற்றிவிடலாமா என்று கணினி கேட்டது. சரி என்றேன். பழைய வர்ணம் அந்த நொடியில் போனது. பிரதி எடுத்து வைத்திருக்கவும் இல்லை. அந்த ஃபோல்டரை நம்பியிருந்த ஒவ்வொரு ரயிலும் புது வர்ணத்தையும் புது எண்ணையும் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

ரீபெயின்ட் என்ற வேலையை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது. ரயில் சிமுலேட்டர் ஆடுகிறவர்களுக்கு இந்தச் சொல் பழகியது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கணினியில் ஓடும் ரயில் எஞ்சின் ஒன்றின் உருவத்தை மாற்றாமல், அதன் மேல்பூச்சை மட்டும் மாற்றி, வேறொரு பராமரிப்பு ஷெட்டின் லோகோவாகவோ வேறொரு காலத்தின் லோகோவாகவோ ஆக்குவதுதான் ரீபெயின்ட். கேட்கச் சின்ன வேலை. ஆனால் இந்திய ரயில்வேயின் நிறங்களைத் தேதியோடும் எண்ணோடும் காப்பாற்றி வைத்திருக்கிற மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆறு தடங்கள், அதில் இந்தியா இல்லை

2001-ல் மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர் வெளிவந்தது. செய்து கொடுத்தது இங்கிலாந்தின் கூஜு நிறுவனம். மொத்தம் ஆறு தடங்கள்: அமெரிக்காவில் இரண்டு, ஜப்பானில் இரண்டு, இங்கிலாந்தில் ஒன்று, ஆஸ்திரியாவில் ஒன்று. காட்பாடியும் இல்லை, கரக்பூரும் இல்லை. ஆனால் அந்த விளையாட்டு ஒரு கதவைத் தாழ் போடாமல் விட்டிருந்தது. எஞ்சின், பெட்டி, ஒலி, தடம் எல்லாம் தனித்தனிக் கோப்புகளாக, திறந்து பார்க்கும்படி இருந்தன. அந்தக் கதவு வழியாகத்தான் நம் ஊர் டீசல் லோகோ உள்ளே போனது, மின்சார லோகோ போனது, பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி போனது. செய்தவர்கள் ரயில் பிரியர்கள். இரவு கண்விழித்து மாடல் செய்து, காசு வாங்காமல் கொடுத்தார்கள்.

இந்த விளையாட்டின் இரண்டாம் பாகத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் கைவிட்டது. இரண்டாவது முறை கைவிட்டது 2009-ல், ஏசஸ் ஸ்டுடியோவை மூடியபோது. விளையாட்டு அத்தோடு செத்திருக்க வேண்டியது. தன்னார்வலர்கள் சேர்ந்து ஓபன் ரெயில்ஸ் என்ற இலவச, திறந்த மூல நிரலை எழுதி, 2015-ல் அதன் 1.0 பதிப்பை வெளியிட்டார்கள். 2001-ன் கோப்புகளை அது அப்படியே படிக்கும். அதனால், கால் நூற்றாண்டுக்கு முன் வகுத்த கோப்பு முறையில் இன்றைக்கும் நம் ஆட்கள் எஞ்சினுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே அச்சு, வேறு வேறு பூச்சு

பண்ருட்டிக் கொலு பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அச்சில் பத்து பொம்மை எடுத்து, ஒன்றுக்குப் பச்சைச் சேலை, ஒன்றுக்கு அரக்குச் சேலை என்று பூசி வைப்பார்கள். கணினி எஞ்சினும் அப்படித்தான். அச்சு என்பது வடிவக் கோப்பு. சக்கரம், பாண்டோகிராஃப், ஜாலி, பஃபர் எல்லாம் அதில் அடக்கம். அதற்கு நிறம் கிடையாது. நிறம் இருப்பது ஏஸ் என்ற வகைப் படக் கோப்புகளில். எஞ்சினின் இரு பக்கம், முகம், கூரை ஆகியவற்றைப் பிரித்து, தையல்காரர் துணி வெட்டி விரித்துப் போட்டதுபோல ஒரு சதுரத்தில் பரப்பியிருப்பார்கள். எந்தத் துண்டு எங்கே ஒட்ட வேண்டும் என்பது வடிவக் கோப்புக்குத் தெரியும். என்ன பெயருள்ள படத்தை ஒட்ட வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். அதனால்தான் ரீபெயின்ட்டின் படக் கோப்புகள் அசல் கோப்புகளின் பெயரிலேயே வருகின்றன. நான் அன்று அசலை அழித்ததும் அதனால்தான்.

மூன்றாவதாக ஒரு கோப்பு உண்டு: இ.என்.ஜி. இது வெறும் எழுத்துக் கோப்பு. எஞ்சினின் பெயர், எந்த வடிவம், எந்தக் கேபின், எந்த ஒலி, எவ்வளவு இழுவிசை, உச்ச வேகம் என்ன என்பதெல்லாம் இதில் இருக்கும். எஞ்சினின் பிறப்புச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, முறையாக நிறுவுவது எப்படி என்று சொல்கிறேன். முதலில் அசல் மாடல் உங்களிடம் இருக்க வேண்டும். ரீபெயின்ட் தொகுப்பில் பெரும்பாலும் படக் கோப்புகளும் ஓர் இ.என்.ஜி. கோப்பும்தான் இருக்கும், அச்சு இருக்காது. அசல் எஞ்சினின் ஃபோல்டர் டிரெயின்ஸ் என்பதற்குள் டிரெயின்செட் என்ற இடத்தில் கிடக்கும். அதை முழுசாகப் பிரதி எடுத்து, புதுப் பெயர் வையுங்கள். பெயரில் ஷெட்டும் எண்ணும் இருந்தால் பின்னால் தேட வசதி. இடைவெளி விடாமல் பெயர் வைத்தால் இன்னும் நல்லது. புதுப் படக் கோப்புகளை இந்தப் பிரதிக்குள் போடுங்கள். இப்போது மாற்றவா என்று கணினி கேட்டால் தயங்காமல் சரி என்று சொல்லலாம். அசல் தன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது.

அடுத்து இ.என்.ஜி. கோப்பு. அதன் பெயரை மாற்றி, உள்ளே எஞ்சின் பெயர் வரும் இடங்களிலும் அதே புதுப் பெயரை எழுத வேண்டும். ஒரே பெயரில் இரண்டு எஞ்சின் இருந்தால் எது எது என்று உங்களுக்கே பிறகு தெரியாது. சேமிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். இந்தக் கோப்புகள் யூனிகோட் முறையில் எழுதப்பட்டவை. சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமித்துவிட்டால் பழைய மைக்ரோசாஃப்ட் விளையாட்டு அதைப் படிக்காது. பலர் தோற்றுப்போய்த் திரும்பும் இடம் இது. வர்ணம் சரி, ஃபோல்டர் சரி, எல்லாம் சரி. எஞ்சின் மட்டும் பட்டியலில் வராது.

கடைசியாக கான்சிஸ்ட். எந்த எஞ்சின் முன்னால், அதன் பின்னால் எந்தெந்தப் பெட்டி என்று சொல்லும் கோப்பு. அதில் இ.என்.ஜி. கோப்பின் பெயரும் ஃபோல்டரின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டில் ஓர் எழுத்து பிசகினாலும் வண்டி கிளம்பாது. பழைய கான்சிஸ்ட் ஒன்றைப் பிரதி எடுத்து, எஞ்சின் வரியை மட்டும் மாற்றுவது பிழையில்லாத வழி.

இவ்வளவுக்குப் பிறகும் கோளாறு வரும். எஞ்சின் நிறமே இல்லாமல் வெளிறி நின்றால் ஏதோ ஒரு படக் கோப்பு குறைகிறது. ஊமையாக நகர்ந்தால், ரீபெயின்ட் செய்தவர் தன்னிடம் இருந்த ஒலித் தொகுப்பின் பாதையை எழுதியிருக்கிறார். அது உங்களிடம் இல்லை. ஓபன் ரெயில்ஸ் ஒவ்வொரு முறை ஓடும்போதும் கணினியின் முகப்பில் ஒரு லாக் கோப்பை எழுதி வைக்கும். எந்தக் கோப்பைத் தேடியது, எங்கே தேடியது, எது கிடைக்கவில்லை என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். உதவி கேட்டு அலைவதற்கு முன் அந்தக் கோப்பைத் திறந்து படித்துவிடுங்கள். பாதிக் கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைக்கும்.

மற்ற விளையாட்டுகளில் வழி வேறு. டிரெயின்ஸ் என்ற ஆஸ்திரேலிய சிமுலேட்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ரீபெயின்ட் அசல் மாடலின் எண்ணைச் சுட்டிக்காட்டி நிற்கும், அசல் இல்லையென்றால் குறைகிறது என்று பட்டியல் போடும். டவ்டெயில் நிறுவனத்தின் டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக்கில் அசெட்ஸ் ஃபோல்டரில் போட்ட பிறகு கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பை அழித்தால்தான் புது வர்ணம் தெரியும். அதே நிறுவனத்தின் டிரெயின் சிம் வேர்ல்டில் வர்ணம் தீட்டும் கருவி விளையாட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வசதிதான். ஆனால் ஃபோல்டரைத் திறந்து, கோப்பைத் தொட்டு, ஒன்று எப்படி இன்னொன்றைத் தாங்குகிறது என்று புரிந்துகொள்ளும் நிறைவு அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆறு புள்ளியில் ஓர் எண்

நிறுவப் பழகியவருக்கு அடுத்து தானே பூச வேண்டும் என்ற ஆசை வரும். எனக்கு வந்தது வாப்-4 மீது. டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஏ என்றால் மாறுமின்சாரம், பி என்றால் பயணி வண்டி. மூன்றையும் சேர்த்து வாப் என்பது ரயில்காரர் பேச்சு. 1990-களில் மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் ஆலையில் பிறந்து, 2015 வரை எழுநூறுக்கும் மேல் உற்பத்தியான லோகோ இது. ஈரோடு, அரக்கோணம் ஷெட்டுகளின் வாப்-4-கள் இழுத்த வண்டிகளில் நம்மில் எத்தனையோ பேர் ஊருக்குப் போயிருக்கிறோம். சிவப்பு உடம்பு, கிரீம் பட்டை, பெரும்பாலும் 22-ல் தொடங்கும் எண்.

பூச உட்கார்ந்தபோதுதான் இட நெருக்கடி புரிந்தது. வாப்-4-ன் நீளம் ஏறத்தாழ 19 மீட்டர். பழைய மாடல்களில் ஒரு பக்கம் முழுவதும் 512 புள்ளி அகலமுள்ள சதுரத்துக்குள் அடங்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு புள்ளிக்குக் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர். ஒரு சாண் உயரத்துக்கு எழுதிய எண்ணுக்கு ஆறு புள்ளிதான் கிடைக்கும். ஆறு புள்ளியில் 8-க்கும் 6-க்கும் வேறுபாடு காட்ட வேண்டும். புது மாடல்களில் 2048 புள்ளிச் சதுரம் வந்தபின் ரிவெட்டைக்கூட வரைய முடிகிறது.

இடம் போதாதது ஒரு பக்கம். படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறை இன்னொரு பக்கம். நாலுக்கு நாலு புள்ளிகளை ஒரு கட்டமாக எடுத்துச் சுருக்குவதால் சிவப்பும் கிரீமும் சந்திக்கும் கோட்டில் அழுக்குப் படிந்ததுபோலச் சிதையும். பட்டையின் விளிம்பைக் கட்டத்தின் விளிம்போடு சேர்த்து வைத்தால் கோடு சுத்தமாக வரும் என்பது அனுபவத்தில் தெரிந்துகொண்டது.

சில மாடல்களில் இடப் பக்கத்துக்கும் வலப் பக்கத்துக்கும் ஒரே படத்தைத் திருப்பி ஒட்டியிருப்பார்கள். அந்த மாடலில் எண்ணை எழுதினால் ஒரு பக்கம் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறித் தெரியும். வர்ணக்காரர் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. வேறு மாடல்தான் தேட வேண்டும்.

நம் லோகோக்களில் எண்ணை இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள்: உலகம் முழுதும் புழங்கும் எண் வடிவத்தில் ஒன்று, தேவநாகரி எண்ணில் ஒன்று. தேவநாகரி தெரியாத நம்மவர் பூசிய ரீபெயின்ட்டுகளில் நாலும் ஐந்தும் இடம் மாறியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெளியிடும் முன் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது. ஷெட்டின் சுருக்க எழுத்தும் அப்படித்தான். ஈரோட்டுக்கு இ.டி., அரக்கோணத்துக்கு ஏ.ஜே.ஜே., ராயபுரத்துக்கு ஆர்.பி.எம். எண் ஈரோட்டுடையது, எழுத்து அரக்கோணத்துடையது என்று ஆகிவிட்டால் ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

அப்படி ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். என் பெரியப்பா ஈரோடு மின்சார லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மூன்று வாரம் உட்கார்ந்து நான் பூசிய முதல் வாப்-4-ஐ அவருக்குத் திரையில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

"ஏங்கண்ணு, பி.ஓ.ஹெச். முடிஞ்சு பெரம்பூர்ல இருந்து நேத்துத்தான் வந்தாப்பல இருக்குது!" என்றார்.

பி.ஓ.ஹெச். என்பது குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை லோகோவைப் பிரித்துச் செய்யும் முழுப் பராமரிப்பு. தெற்கு ரயில்வேயின் மின்சார லோகோக்கள் அதற்குப் பெரம்பூர் லோகோ பணிமனைக்குப் போகும். திரும்பி வரும்போது புதுப் பெயின்ட் மின்னும். அந்த மினுமினுப்பு எவ்வளவு நாள் நிற்கும் என்று கேட்டேன். "ஒரு மழை, ஒரு வெயில். அம்புட்டுத்தான்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் இடமாக விரல் வைத்துச் சொன்னார். பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் தூள் சக்கரத்துக்கு மேலே துருவின் நிறத்தில் படியும். கூரையில் பாண்டோகிராஃபைச் சுற்றிக் கரி இருக்கும். ஜாலியின் ஓட்டைகளுக்குக் கீழே மழைநீர் வழிந்த கோடு இருக்கும். ஓட்டுநர் ஏறும் கதவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் கை பட்டுப் பட்டுப் பெயின்ட் மங்கியிருக்கும். அந்தக் கடைசி விவரம் எந்தப் புகைப்படத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. வருடக்கணக்கில் அந்தக் கைப்பிடியைப் பிடித்து ஏறியவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் சொன்னபடி அழுக்கைப் பூச இன்னும் இரண்டு வாரம் ஆனது. மறுபடி காட்டினேன். ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஏன் இதைச் செய்கிறார்கள்

வாப்-4 இன்று பின்னுக்குத் தள்ளப்பட்டுவருகிறது. எல்.ஹெச்.பி. என்ற புது வகைப் பெட்டிகளின் விளக்குக்கும் ஏ.சி.க்கும் வேண்டிய மின்சாரத்தை எஞ்சினிலிருந்தே கொடுக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. பின்னால் வந்த வாப்-7 லோகோவால் அது முடியும், வாப்-4-ஆல் முடியாது. அதனால் பெயர்பெற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக வாப்-7-க்குப் போகின்றன. டீசல் லோகோக்கள் நிலை இன்னும் மோசம். தடமெல்லாம் மின்மயமாக, ஷெட்டுக்கு ஒரு வர்ணம் என்று ஓடிய பழைய ஆல்கோ வகை டீசல்கள் இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

நம் கண்முன்னே எத்தனை நிறங்கள் போயின! ஐ.சி.எஃப். பெட்டியின் செங்கல் நிறம் 1990-களில் நீலத்துக்கு வழி விட்டது. அந்த நீலமும் இப்போது அருகிவருகிறது. 1931-ல் மின்மயமான சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதை 2004-ல் ஓய்ந்தது. தாம்பரம்–விழுப்புரம் மீட்டர் கேஜில் ஓடிய யாம்-1 என்ற ஜப்பான் லோகோவை இன்றைய கல்லூரி மாணவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். அருங்காட்சியகத்தில் ஒரு வகைக்கு ஒரு லோகோ நிற்கும். அதற்கும் பார்வைக்கு அழகாகப் புது வர்ணம் அடித்திருப்பார்கள். ஒரு ஷெட் ஒரு குறிப்பிட்ட பத்தாண்டில் என்ன சிவப்பு பூசியது, பட்டை எவ்வளவு அகலம், எண்ணை எங்கே எழுதியது என்பதெல்லாம் அதில் தெரியாது. ரீபெயின்ட் செய்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு புகைப்படங்களை ஒப்பிட்டு, அந்திவெயிலில் எடுத்த படம் எது, மழை நாளில் எடுத்த படம் எது என்று கழித்துப் பார்த்து, அந்தச் சிவப்பைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்த உழைப்புக்கு மரியாதை செய்யும் ஒரு வழக்கமும் இந்தக் கூட்டத்தில் உண்டு. அதைக் காப்பாற்ற வேண்டும். அச்சைச் செய்தவர் ஒருவர், வர்ணம் பூசியவர் இன்னொருவர், ஒலி பதிந்தவர் மூன்றாமவர். ஒவ்வொரு தொகுப்போடும் வரும் குறிப்புக் கோப்பில் யார் என்ன செய்தார், என்ன அனுமதி உண்டு என்று எழுதியிருக்கும். படிக்காமல் அழிக்காதீர்கள். ரீபெயின்ட்டை வெளியிட நினைத்தால் அசல் மாடலைச் செய்தவரிடம் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கிய மாடல் என்றால் உங்கள் படக் கோப்புகளை மட்டும் கொடுங்கள். அச்சைச் சேர்த்துக் கொடுப்பது திருட்டு. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. பெயரை நீக்கிவிட்டுத் தன் வேலை என்று போட்டுக்கொண்டவர்களால் மனம் நொந்து, நல்ல மாடல் செய்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இழப்பு நம் எல்லோருக்கும்தான்.

என் பெரியப்பா இப்போது வாரம் ஒருமுறை வருகிறார். ஈரோட்டிலிருந்து வண்டியைக் கிளப்பச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அடுத்து ஒரு டீசல் லோகோ பூசலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நிறம் அவருக்கு நினைவிருக்கிறது. பட்டையின் அகலம் நினைவில்லை. படம் வேண்டும்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில், ஸ்டேஷனில் நின்று எடுத்த குடும்பப் படத்தின் பின்னணியில் ஓர் எஞ்சின் நிற்கக்கூடும். எண் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் எந்த ஊர், எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் படத்தின் பின்னால் எழுதுங்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து, அந்த விவரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.